கார் ஏசியில் பூஞ்சை வாடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மெக்கானிக் இல்லை. சென்னையில் 11 வருடங்களாக ஒரே சிறிய காரை ஓட்டிக்கொண்டிருப்பவன். அந்தக் கார் இதுவரை மூன்று முறை நாறியிருக்கிறது. மூன்று முறையும் காரணம் வேறு. முதல் முறை பணத்தை விட்டேன், இரண்டாம் முறை செருப்பை நனைத்துக்கொண்டேன், மூன்றாம் முறை வீட்டில் திட்டு வாங்கினேன். இதைக் கேள்விப்பட்ட அக்கம்பக்கத்தார் ஐப்பசி பிறந்தால் போதும், கீழ்க்கண்ட கேள்விகளோடு வந்துவிடுகிறார்கள்.

ஏசி போட்டதும் ஈரத்துணி வாடை அடிக்கிறது. இரண்டு நிமிடத்தில் தானே போய்விடுகிறது. எங்கிருந்து வருகிறது?

டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் இருந்து. பட்டறையில் கூலிங் காயில் என்பார்கள், சர்வீஸ் பில்லில் இவாப்பரேட்டர் என்று எழுதியிருக்கும், இரண்டும் ஒன்றுதான். ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல்தான் இந்தக் காயிலும் ஏசி ஓடும் நேரமெல்லாம் வியர்த்துக்கொண்டே இருக்கிறது. கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இன்னும் அதிகமாக வியர்க்கும். காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாக விழுவது அந்தத் தண்ணீர்தான்.

தண்ணீர் மட்டும் என்றால் நாறாது. காயில் என்பது சீப்புப் பற்களைப் போல நெருக்கமாக அடுக்கிய மெல்லிய அலுமினியத் தகடுகள். காற்றோடு வரும் தூசி, பஞ்சு, மகரந்தம், நம் தோலிலிருந்து உதிரும் செதில் எல்லாம் அந்த ஈரத்தில் ஒட்டிக்கொள்கின்றன. இரவில் காரை நிறுத்திவிட்டுப் போகிறோம். இருட்டு, ஈரம், தீனி மூன்றும் கிடைத்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் சும்மா இருக்குமா? சோப்புப் பெட்டியின் அடியில் படியும் வழவழப்பு போல ஒரு படலம் தகடுகளின் மேல் வளர்ந்துவிடுகிறது. காலையில் முதல் காற்று அதன்மேல் பட்டு நம் முகத்தில் அடிக்கிறது. காயில் நன்றாகக் குளிர்ந்ததும் வாடை அடங்குகிறது. சிக்னலில் நிற்கும்போது, ஏசி கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் நின்று, காயில் சற்றே சூடாகிறதல்லவா, அப்போது மறுபடியும் ஒரு வீச்சம் வரும். இப்படி வந்து வந்து போனால் சந்தேகமே வேண்டாம், காயில்தான்.

காயில் இல்லாமல் வேறு காரணமாகவும் இருக்கலாமா?

இருக்கலாம். நான் திட்டு வாங்கிய கதை இதுதான். மாமியார் வீட்டிலிருந்து தூக்குவாளியில் இட்லி மாவு கொடுத்துவிட்டார்கள். பின் இருக்கைக்குக் கீழே வைத்தேன். வழியில் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு ஒரு கரண்டி அளவு மிதியடிக்கு அடியில் இறங்கிவிட்டது. மிதியடியைத் துடைத்தேன், அதன் கீழே இருக்கும் கார்பெட்டை யார் நினைத்தார்கள்? நான்கு நாள் கழித்துப் புளித்த வாடை. ஏசியைத்தான் பழித்தேன். ஃபில்டரை மாற்றினேன், ஸ்பிரே அடித்தேன். கடைசியில் பின் இருக்கையில் உட்கார்ந்த என் மகள்தான் கண்டுபிடித்தாள்.

எனவே முதலில் மூக்குச் சோதனை. ஏசியும் ஃபேனும் போடாமல், ராத்திரி முழுக்க மூடியிருந்த கதவைக் காலையில் திறந்து முகருங்கள். அப்போதே வாடை இருந்தால் கார்பெட், இருக்கை, டிக்கி ஆகியவற்றைத் தேடுங்கள். குற்றாலத்துக்குப் போய்வந்த ஈரத்துண்டு, இருக்கை இடுக்கில் அழுகிய மல்லிகைச் சரம், குழந்தை கக்கிய பால் என்று எதுவாகவும் இருக்கலாம். ஃபேனைப் போட்ட பிறகுதான் வாடை என்றால் டேஷ்போர்டு.

வாடையின் தன்மையையும் கவனியுங்கள். மக்கிய துணி, பழைய நிலவறை போல இருந்தால் பூஞ்சை. நாளுக்கு நாள் முற்றிக்கொண்டே போகும் பிண நாற்றம் என்றால் பானட்டுக்குள்ளோ, காற்றைத் தள்ளும் ஃபேனான புளோயருக்குள்ளோ எலி செத்திருக்கிறது. இனிப்புக் கலந்த ஒரு வாடையும், முன் கண்ணாடியின் உள்பக்கம் பிசுபிசுப்பான படலமும், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் அளவு குறைவதும் சேர்ந்து வந்தால், அந்தத் திரவத்தின் சூட்டால் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் காயில் கசிகிறது. அதைத் தள்ளிப்போடக் கூடாது. ரப்பரோ வயரோ கருகும் வாடை, பெட்ரோல் வாடை, புகைக்குழாய் வாடை இவற்றில் எது வந்தாலும் காரை ஓரம்கட்டி இறங்கிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவை இந்தப் பக்கத்தின் விஷயம் அல்ல.

கேஸ் மாற்றினால் வாடை போய்விடும் என்கிறாரே மெக்கானிக்?

போகாது. நான் பணத்தை விட்டது இங்கேதான். ஒரு பட்டறையில் "கேஸ் பழசாகிவிட்டது சார்" என்றார்கள். பழையதை வெளியேற்றிப் புதிதாக நிரப்பினார்கள். ஒரு வாரம் நன்றாக இருந்தது, ஏனென்றால் கூடவே காற்றுத்துளைகளில் வாசனைத் திரவமும் அடித்திருந்தார்கள். ஏசி கேஸ், அதாவது பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்-134ஏ, மூடிய குழாய்களுக்குள் சுற்றுகிறது. நாம் சுவாசிக்கும் காற்றோடு அதற்குத் தொடர்பே இல்லை. கசிந்தால் குறையுமே தவிர, பால் போலத் திரிந்துபோகாது. குளிர் குறைந்திருந்தால் கேஸைச் சோதிக்கச் சொல்லுங்கள். வாடைக்காகக் கேஸில் கை வைக்க வேண்டாம்.

சரி, முதலில் எதைச் செய்வது?

காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் காபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். கடைக்குப் போக வேண்டியதில்லை. பெரும்பாலான கார்களில் குளோவ் பாக்ஸைத் திறந்து, பக்கச் சுவர்களை உள்நோக்கி அழுத்தினால் அது தொங்கிக்கொண்டு இறங்கும். பின்னால் ஒரு சிறிய மூடி, அதை எடுத்தால் மடித்த காகித விசிறி போன்ற ஃபில்டர். என் காரில் முதல் முறை உருவியபோது, அது வெள்ளையாகத் தயாரிக்கப்பட்டது என்று நம்பவே முடியவில்லை. மடிப்புகளில் கறுப்புத் தூசி, வேப்பம்பூ, ஒரு கரப்பான் சிறகு, ஒரு மூலையில் கொறித்த தடம். பங்குனி, சித்திரையில் வேப்பமரத்து நிழலில் நிறுத்துபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வைப்பருக்குக் கீழே இருக்கும் சல்லடை வழியாகத்தான் வெளிக்காற்று உள்ளே போகிறது. பூவும் சருகும் அங்கே குவிந்து, மழையில் ஊறி மக்குகின்றன. அந்தக் குப்பையையும் கையால் அள்ளிவிடுங்கள்.

வருடத்துக்கு ஒரு முறை, அல்லது 10,000 முதல் 15,000 கிலோமீட்டருக்குள் ஃபில்டரை மாற்றலாம். புழுதிச் சாலையில் ஓடும் கார் என்றால் இன்னும் சீக்கிரம். சில நூறு ரூபாய்தான். புதிய ஃபில்டரின் ஓரத்தில் காற்று போகும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், தலைகீழாகப் போட்டுவிடாதீர்கள். பழையதைத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து மறுபடியும் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காகித ஃபில்டரைக் கழுவினால் இழைகள் கெட்டுவிடும். நன்றாகக் காயாவிட்டால் பூஞ்சைக்கு நீங்களே வீடு கட்டிக் கொடுத்ததாக ஆகும்.

சில பழைய கார்களில் ஃபில்டரே இருக்காது, அதற்கான இடம் மட்டும் இருக்கும். அப்படி இருந்தால் ஒன்றை வாங்கிப் போடுங்கள்.

கரி கலந்த ஃபில்டர் போட்டால் வாடை நின்றுவிடுமா?

முன்னால் போகும் லாரியின் புகை வாடை குறையும். காயில் வாடைக்கு அவ்வளவாகப் பயன்படாது. காற்று ஃபில்டரைத் தாண்டிய பிறகுதான் காயிலுக்குப் போகிறது. வாடை உண்டாவதற்கு முன்னால் நிற்கும் காவல்காரன் பின்னால் நடப்பதைத் தடுக்க முடியாது.

முன் இருக்கைப் பயணியின் காலடியில் தண்ணீர் தேங்குகிறது. மழையே இல்லை!

வடிகுழாய் அடைத்திருக்கிறது. காயிலில் வழியும் தண்ணீர் ஒரு தட்டில் சேர்ந்து, விரல் தடிமனுள்ள ரப்பர் குழாய் வழியாகக் காருக்கு அடியில் விழ வேண்டும். அழுக்கும் பூஞ்சைப் படலமும் அந்தக் குழாயின் வாயில் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தட்டிலேயே நின்று, நிரம்பி, உள்ளே வழியும். திரும்பும்போது டேஷ்போர்டுக்குள் குடத்துத் தண்ணீர் தளும்புவதுபோல் சத்தம் கேட்டால் இதுவே காரணம்.

சுலபமான சோதனை: புழுக்கமான நாளில் கால்மணி நேரம் ஏசியை ஓட்டிவிட்டு, காருக்குக் கீழே பாருங்கள். தரை உலர்ந்திருந்தால் அடைப்பு இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். என் காரைத் தெருமுனை மெக்கானிக் லிஃப்டில் ஏற்றி, குழாயின் நுனியை இரண்டு விரலால் நசுக்கி உருட்டினார். ஒன்றும் வரவில்லை. ஒரு மெல்லிய நைலான் கம்பியை அரைச் சாண் ஏற்றிச் சுழற்றினார். வடிகட்டிய டீத்தூள் போல ஒரு கறுப்பு உருண்டை முதலில் விழுந்தது. அதன் பின்னால் பழுப்பு நிறத் தண்ணீர், ஒரு செம்பு அளவாவது இருக்கும், பாய்ந்து வந்து பக்கத்தில் நின்ற என் செருப்பை நனைத்தது. அந்த நாற்றத்தை மறக்க முடியாது. அதைத்தான் ஒரு மாதமாகக் குளிரக் குளிரச் சுவாசித்துக்கொண்டிருந்தோம்.

கூரான இரும்புக் கம்பியால் குத்த வேண்டாம், காயிலில் பட்டு ஓட்டை விழுந்தால் செலவு பல மடங்கு. குழாயைத் திறந்த கையோடு நனைந்த கார்பெட்டையும் தூக்கிக் காயவையுங்கள். அதன் அடியில் இருக்கும் பஞ்சு, மேலே தொட்டால் உலர்ந்ததுபோல் இருக்கும். அழுத்தினால் தண்ணீர் கசியும். இருக்கையைக் கழற்றி, கார்பெட்டை வெயிலில் இரண்டு நாள் போடுவதற்குச் சோம்பல்பட்டால் வாடை திரும்பி வரும்.

காயிலை நானே சுத்தம் செய்யலாமா?

ஓரளவுக்குச் செய்யலாம். கார் ஏசி காயிலுக்கென்றே நுரை ஸ்பிரே விற்கிறார்கள். நீண்ட மெல்லிய குழலோடு வரும். எஞ்சினை அணைத்து, ஃபில்டரை எடுத்துவிட்டு, அந்த வழியாகக் குழலை விட்டுக் காயிலின் முகத்தில் அடிக்க வேண்டும். சில கார்களில் ஃபில்டருக்கும் காயிலுக்கும் நடுவில் புளோயர் இருக்கும். அங்கே மேலிருந்து அடித்தால் நுரை காயிலைத் தொடாது, மோட்டார்தான் நனையும். அப்படிப்பட்ட கார்களில் வடிகுழாய் வழியாகக் கீழிருந்து மேலே ஏற்றுவதுதான் சரி. டப்பாவில் சொல்லியிருக்கும் நேரம், பெரும்பாலும் 15 முதல் 20 நிமிடம், ஊறவிடுங்கள். பிறகு ஜன்னல்களைத் திறந்துவைத்து ஏசியைப் போட்டால், காயில் வியர்க்கும் தண்ணீரே அழுக்கைக் கழுவிக்கொண்டு கீழே வடியும். தரையில் விழும் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். பழுப்பாக வந்தால் உங்கள் உழைப்பு வீணாகவில்லை.

வடிகுழாய் திறந்திருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் நுரை அடிக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் நுரை முழுவதும் காலடிக்கு வரும்.

இன்னொரு வகை டப்பாவும் உண்டு: காருக்குள் வைத்து அழுத்திவிட்டுக் கதவை மூடிவிட வேண்டும், அது புகைபோலப் பீச்சும், ஏசி அதை உள்சுற்றில், அதாவது காருக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும் முறையில், இழுத்துக்கொள்ளும். லேசான வாடைக்குப் போதும். கெட்டியாகப் படிந்த படலத்தை அது கரைக்காது. எந்த டப்பாவாக இருந்தாலும் பக்கத்தில் நெருப்பு வேண்டாம். மிச்சத்தை வெயிலில் நிற்கும் காரிலேயே விட்டுவைக்கவும் வேண்டாம்.

டெட்டால், பினாயில், வினிகர், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர்?

வேண்டாம். காயில் அலுமினியம். பிளீச் அதை அரிக்கும், வினிகரும் அமிலம்தான். தண்ணீர் தங்காமல் வழிந்தோடுவதற்காகத் தகடுகளின்மேல் ஒரு பூச்சு கொடுத்திருப்பார்கள். கண்டதை அடித்தால் அந்தப் பூச்சு போய், முன்பைவிட அதிகமாக ஈரம் தங்கும். பினாயில் வாடை காற்றோடு வந்துகொண்டே இருக்கும். அரசு மருத்துவமனை வராண்டாவில் கார் ஓட்டுவதுபோல் இருக்கும்.

எலுமிச்சம்பழம், கற்பூரம், காபித்தூள், வாசனை ஜெல்?

எலுமிச்சம்பழம் சக்கரத்துக்கு அடியில் வைப்பதற்கு. காபித்தூளும் கரித்துண்டும் காருக்குள் தேங்கிய வாடையைச் சற்று உறிஞ்சும், கெடுதல் இல்லை. கற்பூரமும் நாப்தலீன் உருண்டையும் வெயிலில் மூடிய காருக்குள் ஆவியாகித் தலைவலியைத் தரும். குழந்தைகள் ஏறும் காரில் நாப்தலீன் கூடவே கூடாது. வாசனை ஜெல்லைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், குளிக்காதவன் அத்தர் பூசிக்கொண்ட கதை. பூஞ்சை வாடையும் போலி மல்லிகை வாடையும் கலந்தால் எது தேவலை என்று சொல்ல முடியாது.

சுத்தம் செய்தாயிற்று. மறுபடியும் வராமல் இருக்க?

வீடு வந்துசேர மூன்று நான்கு நிமிடம் இருக்கும்போது ஏசி பொத்தானை மட்டும் அணையுங்கள். ஃபேன் ஓடட்டும், வேகத்தைக் கூட்டுங்கள், வெளிக்காற்று முறைக்கு மாற்றுங்கள். காயில் உலர்ந்துவிடும். இவ்வளவுதான். இதற்கு நயா பைசா செலவில்லை, ஆனால் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை; 500 ரூபாய் ஸ்பிரே என்றால் நம்புகிறார்கள். மே மாதத்தில் வீட்டிலுள்ளவர்கள் எதிர்ப்புத் தெரிவிப்பார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு சமாதானம் உண்டு: தெருமுனைப் பிள்ளையார் கோவில் வந்ததும் ஏசி நிற்கும், அதற்கு முன்னால் நிற்காது.

சில புதிய கார்களில் இந்த வேலையைக் காரே செய்கிறது. வண்டியை அணைத்துவிட்டுப் போன பிறகு புளோயர் தானாகச் சிறிது நேரம் ஓடி உலர்த்தும். இரவில் ஆளில்லாத கார் மூச்சுவிடுகிறதே என்று பயப்பட வேண்டாம்.

ஹீட்டரை ஓட்டினால் பூஞ்சை செத்துவிடுமா?

சாகாது, காயும். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஹீட்டர் காயில், காற்று போகும் பாதையில் கூலிங் காயிலுக்குப் பின்னால் இருக்கிறது. வெளிக்காற்று முறையில் ஹீட்டரை எவ்வளவு வைத்தாலும் கூலிங் காயிலுக்குச் சூடு வராது. உள்சுற்றில் வைத்தால் சூடான காற்று திரும்பி வந்து காயிலின் வழியாகப் போகும். ஏசியை அணைத்து, எஞ்சின் சூடான பிறகு, ஹீட்டரை முழுமையாக வைத்து உள்சுற்றில் பத்து நிமிடம். பிறகு கதவுகளைத் திறந்து அந்த ஈரக்காற்றை வெளியேற்றுங்கள். திறந்தவெளியில் செய்யுங்கள், மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓட்டக் கூடாது. சென்னைக்காரர் ஹீட்டர் குமிழைத் தொட்டதற்கு இது ஒன்றே காரணமாக இருக்க முடியும்.

உள்சுற்று நல்லதா, வெளிக்காற்று நல்லதா?

வெயிலில் நின்ற காரைக் குளிர்விக்கவும், புகைமூட்டமான போக்குவரத்திலும் உள்சுற்று. எப்போதும் அதிலேயே வைத்திருந்தால் நாம் விடும் மூச்சின் ஈரம் உள்ளேயே சுற்றும். கரியமில வாயு கூடி நீண்ட பயணத்தில் தூக்கமும் வரும். அரைமணிக்கு ஒரு முறை சற்று நேரம் மாற்றிவிடுங்கள்.

கூவம் பாலத்தைத் தாண்டும்போது மட்டும் நாறுகிறது.

கார் குற்றமற்றது. உள்சுற்றுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

காற்றுத்துளையிலிருந்து வெள்ளைப் புகை வருகிறது!

வாடையில்லாமல் குளிர்ந்த பனிபோல வந்தால் அது வெறும் நீர்த்துளிகள்தான். ஈரக்காற்று திடீரென்று குளிர்வதால் உண்டாகும் மூடுபனி. அதோடு காற்றின் வேகமும் குறைந்துகொண்டே போனால் காயிலில் பனி உறைகிறது. ஃபில்டர் அடைப்பா, கேஸ் குறைவா, காயில் உறையாமல் கம்ப்ரசரை நிறுத்தும் சென்சார் கோளாறா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஓசோன் இயந்திரம் வைத்து வாடையை எடுக்கிறார்களே?

சிகரெட் வாடைக்கும் இருக்கை வாடைக்கும் பலன் உண்டு. ஆனால் ஓசோன் நுரையீரலுக்கு ஆகாது, அடிக்கடி வைத்தால் ரப்பரையும் கெடுக்கும். இயந்திரம் ஓடும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது. முடிந்ததும் நன்றாகக் காற்றாட விட வேண்டும். காயிலில் அழுக்கு அப்படியே இருக்கும்போது ஓசோன் வைப்பது என் கணக்கில் வீண்செலவு.

வெள்ளத்தில் நின்ற கார் இது. என்ன செய்தாலும் வாடை போகவில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் இருக்கை மட்டம்வரை மூழ்கின. அந்தத் தண்ணீர் மழைநீர் மட்டும் அல்ல, சாக்கடையும் சேர்ந்தது. அத்தகைய காரில் ஸ்பிரே அடிப்பது காலவிரயம். இருக்கைகள், கார்பெட், அடிப்பஞ்சு, கதவு உள்பலகை எல்லாம் கழற்றப்பட வேண்டும். பஞ்சைப் புதிதாகப் போடுவதே மேல். தண்ணீர் டேஷ்போர்டு மட்டத்தைத் தொட்டிருந்தால் புளோயரும் காயில் பெட்டியும் வெளியே வந்தாக வேண்டும்.

பழைய கார் வாங்கப் போகும்போது உள்ளே வாசனை தூக்கலாக இருந்தால் மகிழ்ச்சியடையாதீர்கள். இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற கார் என்றால் பட்டையில் எங்கேயோ ஒரு சேற்றுக்கோடு இருக்கும். மாற்றுச் சக்கரத்தைத் தூக்கி, அதன் பள்ளத்தையும் பாருங்கள்.

ஃபில்டர் புதிது, குழாய் திறந்திருக்கிறது, இரண்டு முறை நுரை அடித்தேன், கார்பெட்டும் உலர்ந்திருக்கிறது. இன்னும் நாறுகிறது.

அப்படியென்றால் காயிலை வெளியே எடுக்க வேண்டியதுதான். சில கார்களில் குளோவ் பாக்ஸையும் அதைச் சுற்றியுள்ளதையும் கழற்றினால் போதும். பலவற்றில் டேஷ்போர்டு முழுவதும் இறங்க வேண்டும், ஒரு நாள் வேலை. கேஸை முறையாக இயந்திரத்தில் சேகரித்து எடுக்கிறார்களா, காற்றில் திறந்துவிடுகிறார்களா என்று கேளுங்கள். திரும்பப் பூட்டும்போது ஓரிங்குகள், அதாவது இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள், புதிதாகப் போட வேண்டும், குழாய்களுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து வேக்குவம் இழுத்த பிறகே கேஸ் நிரப்ப வேண்டும். டேஷ்போர்டைக் கழற்றிய பட்டறை சரியாகப் பூட்டாவிட்டால், வாடை போய் அந்த இடத்தில் ஒரு கிடுகிடு சத்தம் குடிவரும். எனவே ஏற்கெனவே உங்கள் மாடல் காரில் இந்த வேலையைச் செய்தவரிடமே கொடுங்கள்.

கழற்றிய காயிலை உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். தகடுகளில் பச்சையாக எண்ணெய்க் கறையோ அரிப்போ தெரிந்தால் கழுவி மாட்டுவதில் பயனில்லை, புதியது போடச் சொல்லுங்கள். சுத்தமாக இருந்தால் கழுவியதே போதும்.